பட்டணம் போனால் கட்டுப்படி ஆகுமா? கணக்குப் போட்டு ஜெயித்த பெங்களூர் நாகரத்தினம்மாள்!

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் காலை வண்டிக்கு நிற்பவர்கள் எல்லோர் மனசிலும் ஒரே கணக்குத்தான் ஓடுகிறது. சம்பளம் சென்னையில். வீடு இங்கே. அங்கேயே குடிபோனால் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவு எவ்வளவு? இங்கேயே இருந்தால் சீசன் டிக்கெட்டோடு போச்சு. ஆனால் நாளில் பாதி ரயிலில் போச்சு!

இந்தக் கணக்கை 100 வருஷத்துக்கு முன்பே போட்டவர் ஒரு நாட்டியக்காரி. மைசூரில் தொடங்கி, பெங்களூர் வந்து, அங்கிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்து, கை நிறையச் சம்பாதித்தவர். சம்பாதித்த ஊரை விட்டுவிட்டு, கடைசியில் காசு வராத ஓர் ஊரில் போய் உட்கார்ந்தவர்.

அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

நிலத்தைத் தூக்கிக் கொண்டு போக முடியுமா?

கோவிலில் பொட்டுக்கட்டி ஆடிய பெண்களுக்கு அந்தக் காலத்தில் சம்பளம் எப்படி வந்தது தெரியுமா? ரொக்கம் கொஞ்சம்தான். மானிய நிலம் இருக்கும். குடியிருக்க ஒரு வீடு இருக்கும். கோவில் மடைப்பள்ளியில் இருந்து பட்டைச் சாதம் வரும். வாடகை இல்லை. அரிசிச் செலவும் பெரிசாக இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். ஊரை விட்டுக் கிளம்பினால் எதுவும் கூட வராது. நிலம் சாமி பேரில். வீடு ஊழியத்தின் பேரில். ஆட்டம் நின்றால் சாதமும் நின்றது!

காஞ்சிபுரம் அந்த நாளில் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. (1997-ல்தான் ஜில்லா பிரிந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது 2019-ல்.) அந்தக் காஞ்சிபுரத்துக் கோவில்களில் ஆடியவர்கள், பாடியவர்கள் ஏராளம். காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் என்று ஊர்ப் பேரோடே பிரபலமானவர் உண்டு. அவர் அக்கா தங்கை வழியில் வந்த மருமகன்தான் சங்கீத மேதை காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை.

பட்டணத்தில் நிலைமை தலைகீழ். அங்கே ரொக்கம் புரண்டது. துபாஷிகள், செட்டிமார்கள், முதலியார்கள், வக்கீல்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் சதிர் கட்டாயம் இருக்கும். சபாக்களும் முளைத்தன. பிறகு கிராமபோன் தட்டும் வந்தது. வருமானம் பெரிசு. ஆனால் வீடு கையில் இருந்து. அரிசி கையில் இருந்து. விளக்கெண்ணெயில் இருந்து வண்டிக் கூலி வரை எல்லாம் கையில் இருந்து.

கிளம்பலாமா, இருக்கலாமா? ஆடுகிற பெண்கள் பலருக்கும் ராத்திரி தூக்கம் கெட்டது இதனால்தான்.

தாயார் போட்ட சபதம்

நாகரத்தினம்மாள் பிறந்தது 1878-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி. மைசூருக்குப் பக்கத்தில் உள்ள நஞ்சன்கூடு. தாயார் புட்டலட்சுமி, தேவதாசி குலம். தகப்பனார் ஒரு வக்கீல். குழந்தை சிறிசாக இருக்கும்போதே அவர் ஒதுங்கிக் கொண்டார்.

தாயும் மகளும் மைசூருக்குப் போய், அரண்மனையோடு தொடர்புள்ள ஒரு சமஸ்கிருத பண்டிதரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். பெண் படிப்பில் கெட்டிக்காரி. கிடுகிடுவென்று சமஸ்கிருதம் வந்தது. அப்புறம் என்ன மனத்தாங்கலோ, பண்டிதர் கையை விரித்து விட்டார். மகளைப் பெரிய வித்துவாம்சினி ஆக்கிய பிறகுதான் இந்த மைசூரில் மறுபடி கால் வைப்பேன் என்று தாயார் சபதம் போட்டுக் கிளம்பியதாகச் சொல்வார்கள்.

ஆக, அந்தப் பெண் பார்த்த முதல் குடிபெயர்ப்பு சம்பாத்தியத்துக்காக அல்ல, மானத்துக்காக.

பெங்களூரில் மாமா வெங்கடசாமியப்பா பிடில் வாசிப்பவர். அவர் ஆதரவில் பாட்டு, பிடில், நாட்டியம் எல்லாம் நடந்தது. பாட்டு சொல்லிக் கொடுத்த முனுசாமியப்பா, தியாகராஜ சுவாமிகளின் சிஷ்ய பரம்பரையில் வந்தவர். இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். கதையின் முடிவு இங்கேதான் முளைத்தது. கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம், கொஞ்சம் இங்கிலீஷ் என்று பாஷைகளும் சேர்ந்தன. 15 வயசில் அரங்கேற்றம்.

சபதமும் நிறைவேறியது. மைசூர் அரண்மனையில் ஆடிப் பாடிப் பரிசு வாங்கினார். ஆனால் அரண்மனைச் சம்பாத்தியம் ஒரு ராஜாவின் ஆயுசைப் பொறுத்தது. 1894-ல் மகாராஜா சாமராஜேந்திர உடையார் காலமானார். அப்போது நாகரத்தினத்துக்கு 16 வயசு. மறுபடி பெங்களூர்.

அங்கே மைசூர் ஐகோர்ட்டு ஜட்ஜ் நரஹரி ராவ் ஆதரவு கிடைத்தது. ஜட்ஜுக்கு ஒரு குன்றின் மேல் ஜாகை. மௌண்ட் ஜாய் என்று பேர் வைத்திருந்தார். அங்கே சங்கீதக் கூட்டம் கூடும். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் சங்கீதத்தில் பேர் எடுக்க வேண்டும் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று யோசனை சொன்னவரும் அதே ஜட்ஜ்தான்!

ஜார்ஜ் டவுனில் புதுக் குடித்தனம்

கையில் இருப்பதை விட்டு விட்டு, தெரியாத ஊருக்கு வந்தார் நாகரத்தினம்மாள். 1900-ஐ ஒட்டிய வருஷங்கள் அவை. ஜார்ஜ் டவுன் அப்போது சங்கீதக்காரர்களின் கோட்டை. வீணை தனம்மாள் அங்கேதான் இருந்தார். வந்த புதிசில் தனம்மாளின் நட்பு கிடைத்தது பெரிய பலம். ராஜரத்தின முதலியார் என்ற தனவந்தரின் ஆதரவும் கிடைத்தது.

ஒரு வேடிக்கை பாருங்கள். பெங்களூரை விட்டு வந்தவர், பேரில் இருந்து பெங்களூரை எடுக்கவில்லை. பட்டணத்தில் நாகரத்தினங்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். பெங்களூர் நாகரத்தினம் ஒருவர்தான்! கடைக்காரர்களுக்குப் புரியும், போர்டில் ஊர்ப் பேர் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு.

அவர் பெங்களூரை விட்ட பிறகு, 1909-ல், மைசூர் அரசாங்கம் தன் நிர்வாகத்தில் உள்ள கோவில்களில் தேவதாசி ஊழியத்தையே நிறுத்திவிட்டது. கோவிலை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். இவர் முன்பே ரொக்கச் சந்தைக்கு வந்து விட்டார்.

ஒரு கச்சேரி, 9 நாள் சாப்பாடு

இனிமேல்தான் சுவாரசியம். நாகரத்தினம்மாள் நாட்குறிப்பு எழுதுகிறவர். அந்தக் கணக்குப்படி 1905-ல் இருந்து 1934 வரை 146 ஊர்களில் 1,235 கச்சேரிகள்.

கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் வகுத்துப் பாருங்கள். 30 வருஷம். வருஷத்துக்கு 41 கச்சேரி. அதாவது 9 நாளைக்கு ஒன்று. ஒரு நாள் பாடினால் அந்தக் காசு 9 நாள் குடும்பத்தை ஓட்ட வேண்டும்!

அதுவும் சமமாக வராது. தை பிறந்தால் கல்யாணம், பங்குனியில் உற்சவம், சித்திரை வைகாசியில் முகூர்த்தம் என்று நெரியும். ஆடி வந்தால் கல்யாணம் இல்லை. மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஜவுளிக் கடைக்காரருக்கு ஆடி எப்படியோ, ஆட்டக்காரிக்கும் பாட்டுக்காரிக்கும் அப்படி. கடைக்காரராவது தள்ளுபடி போட்டு விற்கலாம். பாட்டைத் தள்ளுபடியில் விற்றால் அப்புறம் பழைய ரேட்டு கிடைக்குமா?

வருமானம் அப்படி. செலவு?

சதிர் என்றால் ஒருத்தி மட்டும் போய் ஆடுகிற சமாசாரம் இல்லை. அதற்குச் சின்னமேளம் என்று பேர். நட்டுவனார் வேண்டும். மத்தளக்காரர் வேண்டும். சுருதிக்கு ஆள் வேண்டும். கூடப் பாட ஒருவர் வேண்டும். துணைக்கு வீட்டுப் பெரியம்மாள் ஒருத்தி வருவாள். அச்சாரம் வாங்கிக் கொண்டு வண்டி ஏறினால் அத்தனை பேருக்கும் ரயில் சத்தம், சாப்பாடு, பங்கு. பட்டுப் புடவை, நகை இல்லாமல் சபையில் நிற்க முடியாது. நகை பழசாக இருந்தால் மார்க்கெட்டும் பழசு என்று பேசுவார்கள்!

பாட்டுக் கச்சேரிக்கு ஆள் குறைவு. ஒரு பிடில், ஒரு மிருதங்கம், ஒரு தம்பூரா போதும். 1890-களிலேயே சென்னையில் சதிருக்கு எதிர்ப்புக் கிளம்பி விட்டது. நாட்டியம் வைத்த கல்யாணத்துக்குப் போகமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். இந்தக் காலக்கட்டத்தில் ஆட்டத்தை நம்பாமல் பாட்டையும் ஹரிகதையையும் கையில் வைத்திருந்தது நாகரத்தினம்மாளுக்குக் கை கொடுத்தது. ஒரு சரக்கை மட்டும் நம்பாமல் நாலு சரக்கு வைத்திருக்கிற கடை மாதிரி.

மிச்சம் பிடித்தாரா? பிடித்தார். சென்னையில் சொந்த வீடு. நகை நட்டு. வருமான வரியும் கட்டினார். சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் இவர்தான் என்று சொல்வது வழக்கம். நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சம்பளத்திலேயே வரியைப் பிடித்து விடுகிறார்கள். அந்த அம்மையார் கணக்கு வைத்து, காட்டி, கட்டியிருக்கிறார்!

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. அதே ஜார்ஜ் டவுனில், இவரை விடப் பெரிய வித்தைக்காரி என்று இவரே மதித்த வீணை தனம்மாள், கடைசிக் காலத்தில் பணமுடையில் கஷ்டப்பட்டார். 1938-ல் காலமானார். வித்தையின் அளவும் மிச்சத்தின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை.

புத்தகத்துக்குத் தடை!

சம்பாதித்த காசை இவர் பெட்டியில் மட்டும் வைக்கவில்லை. தஞ்சாவூர் பிரதாபசிம்ம ராஜா காலத்தில் இருந்த முத்துபழனி என்ற தாசி, தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் என்று ஒரு காவியம் எழுதியிருந்தாள். அதைப் பழைய பிரதிகளில் இருந்து சரி பார்த்து 1910-ல் பதிப்பித்தார். வாவிள்ள கம்பெனி வெளியிட்டது.

ஆபாசம் என்று கூச்சல் எழுந்தது. அரசாங்கம் தடை போட்டது. ஆண் கவிகள் இதே சிருங்காரத்தை எழுதினால் பண்டிதர்கள் தலையாட்டுகிறார்கள், தாசி எழுதினால் மட்டும் ஆபாசமா என்பது இவர் கட்சி. தடை நீங்கியது எப்போது? 1947-ல்! டி.பிரகாசம் ஆட்சிக் காலத்தில். அதைப் பார்க்க அம்மையார் உயிரோடு இருந்தார்.

கனவும் கடிதமும்

1920-ஐ ஒட்டி, மைசூர் வித்துவான் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி புதர் மண்டிக் கிடக்கிறது என்று. சுவாமிகள் கனவில் வந்ததாகவும் அம்மையார் சொன்னதுண்டு.

தியாகராஜர் யார்? தஞ்சாவூர் ராஜா கொடுத்த திரவியத்தை வேண்டாம் என்றவர். நம் ஊர்ப் பக்கமும் வந்திருக்கிறார். பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கோவூருக்கு சுந்தரேச முதலியார் அழைத்து வந்தார். அங்கே பாடியதுதான் கோவூர் பஞ்சரத்தினம். திரும்பும்போது பல்லக்கில் அவருக்குத் தெரியாமல் முதலியார் பொற்காசு வைத்தார், வழியில் திருடர்கள் வந்தார்கள், சுவாமிகள் கலங்கவே இல்லை என்று ஒரு கதை வழங்குகிறது.

காசு வேண்டாம் என்றவருக்கு, காசு காசாகச் சேர்த்த தாசி கோவில் கட்டப் புறப்பட்டாள்!

1921 அக்டோபரில் வேலை தொடங்கியது. நகைகள் போயின. சென்னைச் சொத்தும் போயிற்று. சில வருஷங்களில் சமாதியின் மேல் கோவில் எழுந்து கும்பாபிஷேகமும் நடந்தது.

கட்டியவருக்கே பாட இடமில்லை

இங்கேதான் வயிற்றெரிச்சல். திருவையாற்று ஆராதனையை அப்போது 2 கோஷ்டிகள் தனித்தனியே நடத்தி வந்தன. பெரிய கட்சி ஒன்று, சின்ன கட்சி ஒன்று. பல விஷயங்களில் சண்டை. ஒன்றில் மட்டும் ஒற்றுமை. பெண்கள் சன்னதியில் பாடக் கூடாது!

கோவில் இவர் காசு. பூஜைக்கு ஏற்பாடு இவர் காசு. ஆராதனை அன்றைக்கு இவர் வெளியே!

அழுது கொண்டு போகிறவரா நாகரத்தினம்மாள்? 1927-ல் பெண்களைச் சேர்த்துக் கொண்டு சன்னதிக்குப் பின்புறம் தனியாக ஆராதனை தொடங்கி விட்டார். 3-வது கட்சி! தேவதாசிப் பெண்கள் ஊர் ஊராக வந்து பாடினார்கள்.

அதே 1927-ஐ ஒட்டித்தான் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் முயற்சி எடுத்தார். எதிர்த்து நின்ற தேவதாசிகள் சங்கத்தின் முன்வரிசையில் நாகரத்தினம்மாள். டாக்டர் அம்மாவின் தாயாரும் அதே குலத்தில் வந்தவர். இரண்டு பேரும் ஒரே வீட்டை இரண்டு வாசலில் இருந்து பார்த்தார்கள். சிறுமிகளைப் பொட்டுக்கட்டி அனுப்பும் கொடுமை டாக்டர் அம்மா கண்ணில் பட்டது. சொத்து வைத்து, வரி கட்டி, புத்தகம் போட்ட பெண்களையும் ஒரே கோணியில் கட்டுகிறார்களே என்பது நாகரத்தினம்மாள் ஆத்திரம். சட்டம் வந்தது நல்லதுதான் என்பது நமது அபிப்பிராயம். ஆனாலும் அந்த ஆத்திரத்தைத் தப்பென்று தள்ள முடியவில்லை.

1929-ல் ஒரு சட்டம், மானிய நிலத்தை ஊழியத்தில் இருந்து விடுவித்தது. 1947-ல் பொட்டுக்கட்டுவதே குற்றம் ஆனது. கோவில் வீட்டை இழந்தவர்களும் உண்டு. மயிலாப்பூர் கௌரி அம்மாள் ஓர் உதாரணம். கபாலீசுவரர் கோவிலில் ஆடியவர். ருக்மிணி தேவிக்கும் பாலசரசுவதிக்கும் அபிநயம் சொல்லிக் கொடுத்தவர். கோவில் வீடு போன பிறகு, பாடம் சொல்லித்தான் ஜீவனம். 1971-ல் காலமானார். மாமல்லபுரம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் திருவான்மியூரில் கலாக்ஷேத்திராவைத் தாண்டும்போது அவரையும் நினைத்துக் கொள்ளலாம்.

காசு வராத ஊரில்

திருவையாற்றில் பாடினால் அச்சாரம் கொடுக்க யார் இருக்கிறார்கள்? சபா உண்டா, தட்டுக் கம்பெனி உண்டா? தெரிந்தேதான் போனார். கடைசிக் காலத்தில் திருவையாற்றோடு தங்கி விட்டார். பட்டணத்தில் இருந்து பார்த்தால் நஷ்டக் கணக்கு.

ஆனால் 1941-ல் 2 கட்சிகளும் இறங்கி வந்தன. 3 கோஷ்டியும் ஒன்றாயின. பெண்கள் சன்னதியில் உட்கார்ந்து பாட வழி பிறந்தது. 14 வருஷம் பின்புறத்தில் உட்கார்ந்து பாடியதற்குப் பலன்!

இருந்த மிச்ச சொத்தை உயில் எழுதி, சமாதிக் கைங்கரியத்துக்கே ஒரு டிரஸ்டாக வைத்தார். 1952-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி, 73-வது வயசில் காலமானார். தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் சமாதி. சுவாமிகளைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்த சிலை ஒன்றும் இருக்கிறது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் காற்றில் நடக்கும் நாட்டிய விழாவுக்கு இப்போது பல மாநிலங்களில் இருந்து பெண்கள் வந்து ஆடுகிறார்கள். ஆடி முடித்து, சலங்கையை அவிழ்த்து, பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுத்தது, ரயிலுக்கு ஆனது, லாட்ஜுக்கு ஆனது என்று கூட்டிப் பார்க்காத பெண் அதில் இருப்பாளா? வெளியூர் போய் நிலைத்து விடலாமா என்று யோசிக்காதவள்தான் இருப்பாளா?

திருவையாற்று ஆராதனை தை மாதத்தை ஒட்டி, புஷ்ய பகுள பஞ்சமி அன்று நடக்கிறது. எழும்பூரில் கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டு வழியாகத்தான் தஞ்சாவூர் போகிறது. தஞ்சாவூரில் இறங்கினால் திருவையாற்றுக்கு பஸ் உண்டு. பஞ்சரத்தினம் பாடும்போது ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் பக்கம் எப்போதும் நிரம்பி வழிகிறது. போகிறவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே போய் இடம் பிடிக்க வேண்டும்.